பிந்தி வந்த சத்தம்

போன வருஷம், மார்கழி மழை ஓய்ந்த நேரம். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று கேட்காமலேயே உள்ளே வந்துவிடும். மனிதருக்கு அது நல்லதாம். பியானோவுக்குத்தான் கூடாது.

வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக்கொடுக்கிற என் பழைய பியானோவின் கம்பிகள் துருப்பிடித்து, சுருதி நிற்காமல் போய்விட்டது. கண்டியிலிருந்து வந்து சுருதி சேர்க்கிறவர், "மிஸ், இனி இதில கை வைச்சால் கம்பி அறுந்துபோகும்" என்று கையை விரித்துவிட்டார். மரமாவது உதவட்டும் என்று ஒரு தச்சு வேலைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் குசினிக்குள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

கொழும்பில் வேலை பார்க்கும் மகள் சும்மா இருப்பாளா? ஒரு கீபோர்ட்டை ரயிலில் அணைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். பார்த்தால் உடுப்பு அயன் பண்ணுகிற பலகைதான். மடிக்கணினியில் செருகினால்தான் வாய் திறக்கும். கணினிக்குள் பெரிய மண்டபத்துப் பியானோவே இருக்கிறது என்று எல்லாம் காட்டித் தந்தாள். பழையது போன கோபத்தில் நான் அதைத் தொடவே இல்லை. அவள் திரும்பிப் போன பிறகுதான் ஆசை வந்தது. கணினியின் சத்தம் காணாது என்று, என் கணவர் செய்தி கேட்கிற வயரில்லாத ஸ்பீக்கரை நானே அதனோடு சேர்த்துவிட்டேன். பெரிய கெட்டித்தனம் செய்த நினைப்பு எனக்கு.

சத்தம் என்னவோ அருமைதான். ஆனால் வாசிக்க முடியவில்லை. மெதுவான பாட்டு ஓரளவு வரும். கொஞ்சம் வேகம் கூட்டினால் விரல்கள் ஒன்றோடொன்று தடக்குப்படும். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியில்கூடத் தாளம் பிசகியது.

கருவியில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. புத்தம் புதுசு, அதுவும் கணினி! என் அம்மாவுக்கு இந்த வயதில்தான் கை நடுங்கும் வியாதி தொடங்கியது. கடைசிக் காலத்தில் நான்தான் சோறு ஊட்டினேன். எனக்கும் அது வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். படிக்க வரும் பிள்ளைகளிடம், புதுசு பழகும்வரை லீவு என்று சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன், பிழைக்கும், அழுவேன். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

ஒரு பின்னேரம், இனி வகுப்பே வேண்டாம் என்று பிள்ளைகளின் தாய்மாருக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தேன். மனம் கேட்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தரம் என்று வாசிக்க உட்கார்ந்தேன். கணவர் கதவைத் திறந்துகொண்டு வந்து பக்கத்தில் நின்றார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். இசைக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

"திரும்ப அடியும்" என்றார். அடித்தேன். அவர் என் விரல்களையே பார்த்தார்.

"உம்மட கை நேரத்துக்குத்தான் விழுகுது. சத்தம்தான் பிந்தி வருது."

"உங்களுக்கென்ன தெரியும்? விடுங்கோ" என்று சினந்தேன்.

"அக்கரையில கப்பலுக்குத் துரு தட்டுறதைக் கண்டிருக்கிறீர்தானே? சுத்தியல் விழுந்து, திரும்ப மேல போன பிறகுதான் இஞ்ச 'டங்' எண்டு கேட்கும். அதுக்குத் தட்டுறவன்ர கையில பிழையெண்டு சொல்லுவீரோ?"

கீபோர்ட்டில் ஒரேயொரு கட்டையை அழுத்திப் பார்த்தேன். உண்மைதான். கட்டை அடிவரை போய்த் தொட்டு, ஒரு கணம் கழித்தே சத்தம் வந்தது. உடனே மகளுக்கு வீடியோவில் அழைத்துச் சொன்னோம். "ஐயோ அம்மா, வயரில்லாத ஸ்பீக்கரை ஆர் பூட்டச் சொன்னது? அது எப்பவும் பிந்தித்தான் வரும்" என்று தலையில் கை வைத்தாள். கணவர் எங்கேயோ தேடி, வயர் உள்ள ஒரு ஹெட்போனை எடுத்து வந்து கணினியில் செருகினார்.

விரல் பட்டதும் சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்த வேகமான பாட்டுகளை எல்லாம் வாசித்துத் தள்ளினேன். பாவம், அவருக்குக் கட்டைகள் டொக் டொக்கென்று அடிபடுவதுதான் கேட்டிருக்கும். அப்படியும் அவர் போகவில்லை. ஹெட்போனைக் கழற்றியபோது என் முகமெல்லாம் கண்ணீர்.

"அம்மாவின்ர கைநடுக்க வருத்தம் எண்டுதானே பயந்தனீர்?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"நானும் பயந்தனான். அதுதான் நீர் தேத்தண்ணி குடிக்கேக்க எல்லாம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தனான். ஒரு சொட்டும் சிந்தயில்லை."

அடுத்த கிழமையே பிள்ளைகள் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். இப்போது வயர் வைத்த ஸ்பீக்கர்தான், சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. ஆனால் என் பயத்தை நான் கெட்டித்தனமாக ஒளித்து வைத்திருந்த நாளெல்லாம், அதே பயத்தோடு ஒரு மனிதர் எனக்கு எதிரில் இருந்து பேசாமல் தேத்தண்ணி குடித்திருக்கிறார் என்பதை நினைத்தால், இப்போதும் என் கோப்பையில் தேத்தண்ணி ஆறிப்போய்விடும்.