ஆற்றுக்கு மேலே இரண்டு கயிறு

பள்ளிக்கூடக் கண்டீனில் பதினாறு வருடமாகச் சமைக்கிறேன். பிள்ளைகள் என்னை ஆண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டி என்று கூப்பிட்டால் மறுநாள் அவர்கள் தட்டில் விழும் மீ நூடுல்ஸில் முட்டை இருக்காது. அது எல்லாருக்கும் தெரியும்.

போன வருடம் ஆறாம் வகுப்பை மூன்று நாள் காட்டு முகாமுக்குக் கூட்டிப்போக ஏற்பாடானது. கூடாரம் அடிக்க வேண்டும், தானே ஆக்கித் தின்ன வேண்டும், கயிற்றைப் பிடித்து ஆற்றைக் கடக்க வேண்டும். பையன்களுக்கெல்லாம் வீட்டிலிருந்து கையெழுத்து வந்துவிட்டது. எட்டுப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வரவில்லை. கூடப் போக இருந்த டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். பொம்பளைத் துணை இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்று அம்மாமார்கள் சொல்லிவிட்டார்கள். முகாமுக்குக் கூட்டிப்போகிற சார் கண்டீனில் வந்து கவலையோடு உட்கார்ந்தார்.

"நான் வந்தா ஆகாதா சார்?" என்று நானே கேட்டேன்.

அசாம் ஜாவா ஊருக்குள்ளும் தோட்டத்து லய வீடுகளிலுமாக எட்டு வீடும் ஏறி இறங்கினேன். கடைசி வீட்டு அம்மாதான் இழுத்தடித்தாள்.

"எம்பொண்ணு பக்கத்துக் கடைக்குக்கூட தனியா போகாதுக்கா. நீங்க ஒரு அடி விலகுனீங்கன்னு தெரிஞ்சா, நான் வந்து கூட்டிக்கிட்டு வந்துருவேன்."

"விலக மாட்டேன். என் கண்ணு எட்டுப் பேரு மேலயும்தான் இருக்கும்" என்றேன். எட்டு வீட்டிலும் கொடுத்த வார்த்தை அதுதான்.

முந்தின வாரம் திடலில் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டிப் பழக்கினார்கள். அந்தக் கடைசி வீட்டுப் பிள்ளை நான்கு தடவை பாதியில் இறங்கி அழுதது. ஐந்தாம் தடவை கடந்தது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தேன். நானும் பழகியிருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பள்ளிக்கூடத்துக்காகப் போகிறோம், நாலு பேர் மதிக்கிற மாதிரி போக வேண்டும் என்று மூன்று நல்ல சேலைகளை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டேன். இருபது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள் நான். கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக அலைந்தது போதும், இனிக் கால்சட்டை போடுவதில்லை என்று தோட்ட வேலையை விட்ட அன்றைக்கே முடிவு செய்தவள்.

பஸ் சுங்கை சோ ஊரைத் தாண்டிப் போய் ஒரு செம்மண் சாலையில் எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து ஒரு மணி நேர நடை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் முன்னால்தான் போனேன். அட்டைக்குப் பயந்தவள் இல்லை. ஆற்றங்கரைக்கு வந்துதான் நின்றேன். முந்தின நாள் மழையில் தண்ணீர் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் இரைந்து ஓடியது. அதற்கு மேலே காலுக்கு ஒரு கயிறு, கைக்கு ஒரு கயிறு.

பயிற்சி கொடுக்க வந்த தம்பி என் சேலையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஆண்டி, இதோட இடுப்புல வாரு மாட்ட முடியாது. திரும்பிப் போயி சாமான் ஏத்திட்டு வர்ற லோரியில ஏறிருங்க லா. சுத்துவழிதான், ரெண்டு மணி நேரத்துல அந்தப் பக்கம் வந்துரலாம்."

"அந்த ரெண்டு மணி நேரம் பொண்ணுங்களுக்கு யாரு?"

"நாங்க இருக்கோம்ல?"

"நீங்கெல்லாம் ஆம்பளைங்க தம்பி. நான் திரும்புனா எட்டும் என்கூடவேதான் திரும்பும்."

எட்டு முகமும் தொங்கிப்போனது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அப்போது அந்தக் கடைசி வீட்டுப் பிள்ளை மெல்லக் கேட்டது.

"சார், உங்ககிட்ட இன்னொரு டிராக் சூட் இருக்கா?"

சார் என்னைவிட ஒரு முழம் உயரம். பிள்ளைகள் தார்ப்பாயை மறைப்பாகப் பிடிக்க, நான் மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். நீலக் கால்சட்டை, பக்கத்துக்கு இரண்டு வெள்ளைக் கோடு.

"ஆண்டி, பூப்பந்து ஆடப் போறீங்களா?" என்றாள் ஒருத்தி.

"உனக்கு மீ வேணுமா, வேணாமா?"

நான்கு பேர் முதலில், நான் நடுவில், பின்னால் நான்கு பேர். அப்படித்தான் கேட்டு வாங்கினேன். முதல் நான்கில் அந்தப் பிள்ளையும் ஒன்று. அக்கரைக்குப் போய் நின்றுகொண்டது. நான் பாதி ஆறு வரைக்கும் நன்றாகத்தான் போனேன். பிறகு கயிறு ஆடியதா, கால் ஆடியதா தெரியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஆண்டி, கண்ணத் தொறங்க. தண்ணியப் பாக்காதீங்க, என்னையப் பாருங்க."

"முடியலடி."

"எனக்கும் நாலு தடவ முடியல. மொதல்ல இடது கால நகட்டுங்க. இப்ப கை. இல்ல, கைதான். கால் அப்புறம்."

வேலை வாங்கும் தோட்டத்து மண்டோர்கூட என்னிடம் அப்படி அதிகாரமாகப் பேசியதில்லை. சொன்னபடி செய்தேன். கால், கை, கால், கை. கரையில் என் மணிக்கட்டைப் பிடித்த அந்தப் பிள்ளையின் கை சில்லிட்டிருந்தது. பின்னால் வந்த நான்கு பேரையும் அதுவேதான் கூப்பிட்டுக் கரை சேர்த்தது.

அன்று அவர்கள் ஆக்கிய சோறு அடிப்பிடித்துவிட்டது. சமையலில் பெரியவர்கள் கை வைக்கக் கூடாது என்பது முகாமில் சட்டம். இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது அம்மாமார்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். சேலை மூன்றும் மழையில் நனைந்து கிடந்ததால் அதே கால்சட்டையோடுதான் இறங்கினேன்.

"என்னக்கா கோலம் இது?" என்றாள் அந்தக் கடைசி வீட்டு அம்மா. பிறகு, "கண்ணெடுக்காம பாத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

பொய் சொல்ல எனக்கு வராது. "நடு ஆத்துல கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டேன்" என்றேன்.

அவள் மகளைப் பார்த்தாள்.

"அப்ப ஆண்டிய நான் பாத்துக்கிட்டேன்மா" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் நின்ற இடத்துக்குப் போய்விட்டது அது.

இந்த வருடம் அதன் தங்கை ஆறாம் வகுப்பு. அம்மா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாளாம், சார் சொன்னார். அவருடைய கால்சட்டையை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. நீளத்தை மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன்.