நட்டத்தைக் கேட்க ஓர் ஆள்

வாசகசாலை நண்பர்கள் பார்வைக்கு இதைப் பலகையில் ஒட்டுகிறேன்.

இன்று காலை நாகல் நகரில் ஒரு பங்குத் தரகரின் கடைக்குப் போயிருந்தேன். நாம் நூறு ரூபாய் கொடுத்தால், அவர்கள் முந்நூறு கடன் சேர்த்து நானூறு ரூபாய்க்குப் பங்கு வாங்குவார்களாம். விலை ஏறினால் லாபம் நமக்கு.

தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "விலை கால்வாசி இறங்குனா என் நூறும் மொத்தமா போயிருமே?"

தரகர் சிரித்தார். "இம்புட்டு வெவரமா யாரும் கேட்டதில்ல சார். ஆனா தனியா வாரவங்களுக்கு நாங்க கணக்கு எழுதறதில்ல. போன வருசம் ஒருத்தரு வீட்டுக்குத் தெரியாம போட்டு, அம்புட்டும் போச்சு. அதுலருந்து வீட்டாளு ஒருத்தரு கூட உக்காந்து நட்டம் எப்படி வரும்னு கேக்கணும். உங்க வீட்ல யாரு சார் இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்ப தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க."

"வாரேன்" என்று சொல்லி இறங்கினேன். மணிக்கூண்டு வரை யோசித்துக்கொண்டே நடந்தேன். கூப்பிடும்படியாக ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.

கடைக்காரர் விதி நல்ல விதிதான். என்னைப் போன்றவன் ஏமாறக் கூடாது என்று வைத்தது.

பங்கு வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் வியாழக்கிழமை யாராவது என்னோடு வந்து, செத்த நேரம் அந்த நட்டத்தைக் கேட்டுவிட்டு வரலாமா? காப்பி என் செலவு.

பெயர் எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன். கொஞ்சம் அதிகமாகவே விட்டுவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.