புள்ளி வைத்த முகம்

கத்திரிக்காயைக் கண் சிமிட்ட வைப்பதுதான் என் உத்தியோகம். தேனாம்பேட்டையில் ஒரு அனிமேஷன் கம்பெனி; அங்கே குழந்தைப் பாட்டுகளுக்குக் காய்கறிகள் ஆடும், பாடும். இருபது வருஷமாக இதே வேலை. "கண்ணு இன்னும் கொஞ்சம் சந்தோஷமா இருக்கட்டும் சார்" என்பார் கிளையன்ட். அந்தக் கத்திரிக்காயின் சந்தோஷத்தில் பாதி எனக்கு இருந்தால் போதும். சாயங்காலம் மயிலாப்பூர் திரும்பும்போது விரல்கள் மரத்துப்போயிருக்கும்.

ஓவியம் என் சொந்த வேலை. பாப் ஆர்ட் வகை: கெட்டியான கறுப்புக் கோடு, கண்ணைப் பறிக்கும் தட்டை நிறம், நிழலுக்குப் பதில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். மலிவுக் காகிதத்தில் அச்சான பழைய சித்திரக்கதைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புள்ளிகள் தெரிந்திருக்கும். ஆறு வருஷமாக எந்தக் கண்காட்சியும் என் படத்தை எடுக்கவில்லை. இந்த முறையும் இல்லையென்றால் தூரிகைகளைப் பரண்மேல் போட்டுவிடுவது என்றிருந்தேன். அடையாறில் ஒரு கேலரி ஒரு படத்தை ஏற்றுக்கொண்டது. நொச்சிக்குப்பத்தில் நான் ஞாயிறுதோறும் மீன் வாங்கும் அக்காவின் படம் அது. ரோஸ் முகம், மஞ்சள் புடவை, கையில் நீல வஞ்சிரம், கன்னம் முழுக்கச் சிவப்புப் புள்ளி.

வரையலாமா என்று முன்பே கேட்டிருந்தேன். "வரைஞ்சிக்கோ நைனா, மூக்குத்திய மட்டும் உட்றாத" என்றார். விடவில்லை. படம் தேர்வான ஞாயிற்றுக்கிழமை பெருமையோடு போனில் காட்டினேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா நைனா, எனக்கு அம்மை போட்டு வச்சிக்கிறே?"

"அம்மை இல்லக்கா. அது ஒரு ஸ்டைல்."

அச்சு, மை, சித்திரக்கதை என்று பத்து நிமிஷம் விளக்கினேன். பக்கத்துக் கடைக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஆத்தா முத்து போட்டுக்கிறா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதோடு என் விளக்கம் போயே போயிற்று.

"அம்மை போட்ட வூட்ல மீனே ஆக்க மாட்டாங்கோ," என்றார் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அம்மை போட்டவ கையால மீன் எவன் வாங்குவான்? இத்த ஊரே பாக்க மாட்டப்போறியா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து படத்தின் எதிரே உட்கார்ந்தேன். நான்கு மாதம் ஒவ்வொன்றாக வைத்த புள்ளிகள். எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் சனியன், இப்போது அம்மையாகத்தான் தெரிந்தன. ஆபீசில் கிளையன்ட் சொன்னதையெல்லாம் வாய் பேசாமல் அழிக்கிறவன், இவருக்காக அழிக்க மாட்டேனா? ரோஸ் நிறத்தைக் குழைத்து எல்லாவற்றையும் மூடினேன்.

மாற்றிய படத்தைக் கேலரிக்கு அனுப்பினேன். அங்கிருந்த பெண் போன் செய்தார். "சார், புள்ளிதான் அந்தப் படமே. இது சும்மா ஒரு போர்ட்ரெய்ட்." எனக்கென்று வைத்திருந்த சுவர் வேறொருவருக்குப் போனது. சண்டை போடத் தெம்பில்லை. சரிங்க மேடம் என்றேன்.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் படத்தைக் காட்டினேன். "இப்போ என்னிய மாரி கீது" என்று சிரித்தார். "எப்போ மாட்றாங்கோ?"

"மாட்டலக்கா. புள்ளி இல்லாம வேணாம்னுட்டாங்க."

சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த கை நின்றது. "எத்தினி நாளு மாட்டி வெக்கிறதா இருந்தாங்கோ?"

"பத்து நாள்."

"அவ்ளோதானா? அம்மையும் பத்து நாள்ல எறங்கிடும் நைனா. தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வந்து குந்திக்கினு இருந்திருப்பேன். முன்னியே சொல்றதுக்கின்னா?"

அச்சையும் மையையும் பத்து நிமிஷம் விளக்கியவன், எத்தனை நாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. மீன் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் தூரிகைகளைக் கழுவித் துணியில் சுற்றினேன். பரண்மேல் போட வேண்டுமென்றால் ஸ்டூலை இழுத்து வர வேண்டும். அதற்கும் அலுப்பாக இருந்தது. இன்னும் மேசைமேல்தான் கிடக்கின்றன.