நீர்க்காகங்களுக்கு எதிராக ஒரு விமானம்

எத்தாளை கிராமத்தில் ஒரு விமானப்படை இருப்பது அரசாங்கத்துக்கு இன்னும் தெரியாது. அதில் இருப்பது ரிமோட்டில் ஓட்டும் ஒரே விமானம். சிறகு நாலரை அடி. எதிரிகள், விடிந்ததும் நிஸாரின் இறால் பண்ணையில் வந்து குந்தும் நீர்க்காகங்கள். தளபதிப் பதவி மட்டும் காலியாக இருந்தது.

அந்தப் பதவியில் ரம்ஸியாவுக்கு ஆசை. வயது முப்பத்தாறு. ஊரிலுள்ள தையல் மெஷின்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவள். வீடு வீடாக அலைந்து அலுத்து, ஓரிடத்தில் நின்று செய்யும் வேலை தேடினாள். நிஸார் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: வெள்ளிக்கிழமைக்குள் விமானம் பத்து நிமிடம் பறக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலாபத்திலிருந்து வேறு ஆள் வரும்.

விமானமோ இரண்டு நிமிடத்தில் டக்டக்கென்று இருமி, குளக்கட்டில் குப்புற விழுந்தது. நீர்க்காகங்கள் அதைத் தங்கள் சாதியில் சேர்த்துக்கொள்ள யோசித்திருக்கும்.

படகு எஞ்சின் திருத்தும் ஹஸ்மியிடம் கொண்டுபோனாள்.

"கொன்ரொட் தேஞ்சிரிக்குமோ நானா?"

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டைத்தான் கேட்டாள். இந்த எஞ்சினில் அது பேரீச்சங்கொட்டையைவிடச் சற்றே நீளம். ஹஸ்மி தாராளமாக எண்ணெய் விட்டு, விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார்.

"ஒரு ஆட்டமும் இல்ல. கல்லு மாதிரி இரிக்கி. நீ தையல் மெஷினப் பாரு புள்ள, எஞ்சின விடு."

இந்தக் கரையில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். எண்ணெய் விடாமல் எஞ்சினைத் தொடுவது, பிஸ்மி சொல்லாமல் சோற்றில் கைவைப்பது போல. ரம்ஸியாவும் மூன்று நாள் பக்தியோடு எண்ணெய் விட்டு விட்டு ஆட்டிப் பார்த்தாள். கையில் எஞ்சின் நல்ல பிள்ளையாக இருந்தது, பறக்கவிட்டால் மட்டும் இருமியது.

வியாழன் காலை பக்கத்து வீட்டு றிஃப்னாவின் தையல் மெஷின் வந்தது. பிசினாகிப்போன பழைய எண்ணெயைத் துடைத்ததும், அதுவரை சத்தமே போடாத மெஷின் கடகடத்தது. ரம்ஸியா துணியைக் கீழே வைத்தாள். தேய்ந்த இடத்தை எண்ணெய் நிரப்பிக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறது.

விமான எஞ்சினைக் கழற்றி, பெற்றோலில் கழுவி, காயவைத்தாள். புகைவாய் வழியாக ஈர்க்கை விட்டுப் பிஸ்டனை அசையாமல் பிடித்து, விசிறியை மெல்ல ஆட்டினாள். டிக். மறுபக்கம் ஆட்டினாள். டிக்.

ஹஸ்மியின் கடைக்கே மறுபடி போனாள். அவர் காதை வைத்துக் கேட்டார். பிறகு வெகுநேரம் தன் கடைக் கூரையை ஆராய்ந்தார்.

"லேத்த எடுத்துக்க. எண்ணெய் விடாமப் பாத்த எண்டு மட்டும் ஆருக்கும் சொல்லாத."

கைவிடப்பட்ட தையல் மெஷினொன்றின் வெண்கலப் புஷ் வளையத்தை லேத்தில் கடைந்து தண்டின் துளையில் இறக்கினாள். இறுகினால் சிக்கும், தளர்ந்தால் தட்டும். காய்ந்த தண்டு கிராங்கின் ஊசியில் தன் பாரத்திலேயே கீழே சாய வேண்டும். பக்கவாட்டில் மயிரிழை நகரலாம், மேலும் கீழும் ஆடவே கூடாது. ஏழாம் தடவை அப்படிச் சாய்ந்தது. அதன் பிறகுதான் எண்ணெய் விட்டாள்.

வெள்ளி காலை விமானம் பதினொரு நிமிடம் பறந்து, தானாக இறங்கியது. நீர்க்காகங்கள் மொத்தமாக எழும்பிப் போயின. நிஸார் ரிமோட்டை அவள் கையிலேயே விட்டுவிட்டு, "நாளைக்கு ஆறு மணிக்கு வந்திரு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பண்ணை அத்தாஉல்லா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"உங்கட காகமெல்லாம் இப்ப என்ட குளத்தில."

"இன்னொரு விமானம் வாங்குங்களேன் நானா," என்றாள் ரம்ஸியா. "ரெண்டையும் நானே பாக்கிறன்."

"ரெண்டும் பறந்தா காகம் எங்க போற?"

"அது பக்கத்து ஊரு குறிஞ்சிப்பிட்டிக்காரங்கட பிரச்சினை."

மடித்துக் கட்டிய சாரத்தை அத்தாஉல்லா இறக்கிவிட்டார். பிறகு, விமானம் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.