மாதம்மாளின் கேள்வித்தாள்

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒற்றையடிப் பாதையில் இரண்டு ஓடை தாண்டி ஒன்றரை மணி நேரம் நடந்தால் நெல்லிக்கொம்பை. முப்பத்தாறு வீடு. எழுபத்தெட்டில் வேலூரிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து அங்கே பால்வாடி திறந்தபோது, சமைக்கவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் மாதம்மாளை ஆயாவாக வைத்தார்கள். அந்த ஊர்ப் பெண்களில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவன் சின்னதம்பிக்கு மட்டும் தெரியும். அவர்களுடைய மூத்த பெண் கொழுகொழுவென்று இருந்தவள். இரண்டாம் வயதில், ஆடி பிறந்ததும் இளைக்கத் தொடங்கினாள். ஆவணியில் வந்த ஒரு சாதாரணக் காய்ச்சலை அந்த உடம்பு தாங்கவில்லை. மலையில் ஆடியும் ஆவணியும் புரட்டாசியும் அப்படித்தான். போன வருஷத்துச் சாமை குதிரில் தீர்ந்திருக்கும். புதுச் சாமை ஐப்பசி கடைசியில்தான் அறுவடைக்கு வரும்.

எண்பத்தொன்றில், புரட்டாசி மாசம், பாண்டுரங்கன் வந்தார். வேலூர்க் கல்லூரி ஒன்றில் கணக்கு வாத்தியார். பால்வாடி எப்படி நடக்கிறது என்று மதிப்பிட்டுச் சொல்ல நிறுவனம் அவரை அனுப்பியிருந்தது. தோள்பையில் டைப் அடித்த கேள்வித்தாள், நாற்பத்தாறு கேள்வி. புது ஷூ கடித்துக் குதிகாலில் கொப்புளம். கணியம்பாடியிலிருந்து வந்து தங்கியிருந்த வசந்தி டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்தாள். முப்பத்திரண்டு பெயர். ஆடியிலிருந்து ஒரு நாளும் ஏழு பிள்ளைகளுக்கு மேல் வரவில்லை.

"மூடிட்டு அடிவாரத்துக்கு மாத்திடலாம்னு பேச்சு இருக்கு டீச்சர்," என்றார் அவர் தணிந்த குரலில். அடுப்பில் கோதுமை ரவை கிண்டிக்கொண்டிருந்த மாதம்மாளின் காதில் அது விழுந்தது.

வீடு வீடாக அழைத்துப்போகும் வேலை அவளுக்கு வந்தது. முதல் வீடு ரஞ்சிதத்தினுடையது. சாமை விளையும் கொல்லைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரஞ்சிதம், இடுப்பில் பையனோடு வாசலில் நின்றாள்.

"பால்வாடியால உங்களுக்கு என்ன நன்மை?"

"எல்லாம் நல்லாத்தான் கீதுங்க."

"குடுக்கற சாப்பாடு பிடிச்சிருக்கா?"

"நல்லா கீதுங்க."

"அப்புறம் ஏன் பையனை அனுப்பறதில்லை?"

ரஞ்சிதம் மாதம்மாளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "எங்களுக்கு இன்னாங்க தெரியும்," என்றாள். அவர் எழுதிக்கொண்டார். பையனுக்கு என்ன வயசு என்றதற்கு "மூணு இருக்கும்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

ஆறு வீடு முடிந்தது. ஆறிலும் அதே நல்லாத்தான் கீதுங்க, அதே இன்னாங்க தெரியும். ஏழாவது வீட்டுக்குப் போகும் வழியில் மாதம்மாள் நின்றுவிட்டாள்.

"சார், கோச்சிக்காதீங்க. நீங்க எழுதறது ஒண்ணுகூட நெசமில்ல."

பாண்டுரங்கன் திரும்பினார். "நான் அவங்க சொன்னதைத்தானே எழுதறேன்?"

"பேண்ட்டு போட்டவங்க வந்து நல்லா கீதான்னு கேட்டா, நல்லா கீதுன்னுதான் சொல்லுவாங்க. இல்லன்னு சொன்னா இன்னா வம்பு வருமோன்னு பயம். அந்தப் பையனுக்கு மூணு வயசு இல்லீங்க. ரோட்டுக்கு ஜல்லி கொட்டுன வருசம், புளி உலுக்கறப்ப பொறந்தவன். ரெண்டரைதான் ஆவுது. நான்தான் தொப்புள்கொடி அறுத்தேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சரி. நீ கேக்கறதா இருந்தா எப்படிக் கேப்பே?"

"வூட்டுல கேக்க மாட்டேங்க. கொல்லைக்குப் போவேன்."

"எனக்கு மூணு நாள்தான்மா டயம்."

"போதுங்க. நடக்கணும், அவ்ளோதான்."

ஷூவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, சின்னதம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் அவள் பின்னால் நடந்தார்.

சாமை கதிர் வாங்கியிருந்த நேரம். காலையில் வீட்டுக்கு வந்துபோகிற சிலரைத் தவிர ஊரே கொல்லையில்தான் இருந்தது. கிளிக்கும் பன்றிக்கும் காவல் இருக்க, குடும்பத்தோடு கொட்டாய் போட்டுத் தங்கியிருந்தார்கள். பால்வாடியோ ஊருக்குள் காலை பத்து மணிக்குத் திறக்கும். அங்கிருந்து கொல்லை மூணு மைல். ரஞ்சிதத்தின் கொல்லையில் மாதம்மாள் காகிதம் எதையும் எடுக்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு அவளோடு அரைமணி நேரம் அவரையில் களை பிடுங்கினாள். அப்புறம்தான் கேட்டாள்.

"ஏ ரஞ்சிதம், பையனுக்கு அரைஞாண் எப்ப இறுக்கிக் கட்டுன?"

"ஆடிப் பதினெட்டுக்கு முன்ன ஒரு தாட்டி. போன வாரம் ஒரு தாட்டி. அவுந்து அவுந்து வுழுதே யக்கா!"

பாண்டுரங்கனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாதம்மாள் பையனை அருகே இழுத்து இடுப்பிலிருந்த கறுப்புக் கயிற்றைக் காட்டினாள். பழைய முடிச்சு இருந்த இடத்தில் கயிறு நசுங்கி வெளுத்திருந்தது. இப்போதைய முடிச்சு அதற்கு இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி இருந்தது.

"தையில புதுச் சாமை பொங்கி அம்மனுக்கு வெச்சுட்டு, ஊர்ல கீற எல்லாப் புள்ளைக்கும் புதுக் கயிறு கட்டுவோங்க. வளர்ற புள்ளைக்குத் தளர்த்தித்தான கட்டணும்? இறுக்கிக் கட்டுனா இன்னா அர்த்தம்?"

பாண்டுரங்கன் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

இரண்டு நாளில் பதினெட்டுக் கொட்டாய் ஏறி இறங்கினார்கள். இருபத்தொன்பது பிள்ளைகள். இருபத்தொரு பேருக்குக் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நாலு பேருக்கு அப்படியே இருந்தது. நாலே நாலு பேருக்குத்தான் தளர்த்திக் கட்டியிருந்தார்கள். போகப்போக அவர் தன் கேள்வித்தாளைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் எழுத ஆரம்பித்தார். மாதம்மாள் கேட்பதை அப்படியே எழுதினார்: எந்த மாசத்தில் குதிர் காலியாகிறது, காலியானால் என்ன சமைக்கிறாய், யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள்.

அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாதம்மாள் ஒன்று சொன்னாள். "எங்களப் பத்தி எழுதி மேல குடுக்கறதுக்கு முன்ன, எங்களுக்கு ஒருக்கா படிச்சுக் காட்டுங்க சார்."

அப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை. இருந்தும் ஐப்பசியில், மழைக்கு நடுவே, குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பால்வாடிக் கூடத்தில் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் வேடியப்பன் முன்னால் உட்கார்ந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது: "மலைமக்களின் அறியாமையும் மையம் பயன்படாமல் போனதற்கு ஒரு காரணம்."

"அறியாமைன்னா இன்னாங்க சார்?" என்றார் வேடியப்பன்.

பாண்டுரங்கன் தயங்கினார். மாதம்மாள்தான் சொன்னாள். "நமக்குத் தெரியலன்னு எழுதிக்கீறாரு மாமா."

"இன்னா தெரியல?"

வேடியப்பன் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பாண்டுரங்கன் பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்தார். அதற்குப் பிறகு கூடம் கலகலப்பாகிவிட்டது. அன்றைக்கு எல்லாம் நல்லாத்தான் கீது என்ற அதே ரஞ்சிதம் எழுந்து, கோதுமை ரவை பையனுக்குச் சேரவில்லை, வயிற்றால் போகிறது, வாங்கி வந்து கோழிக்குத்தான் போடுகிறேன் என்று போட்டு உடைத்தாள். வசந்தி டீச்சரே சிரித்துவிட்டாள். பாண்டுரங்கன் அதையும் எழுதினார். என்ன மாற்ற வேண்டும் என்று பொழுது சாயும் வரை ஊர் பேசியது. அதைச் சொல்ல மாதம்மாளே வேலூர் போக வேண்டும் என்று வேடியப்பன் முடித்துவைத்தார்.

கார்த்திகையில் வேலூரில் கூட்டம். நீள மேசை, சுற்றிலும் ஏழு பேர். சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் மாதம்மாள். பாண்டுரங்கன் வாசித்து முடித்ததும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இடுப்புக் கயிறையெல்லாம் ஒரு அளவுன்னு எப்படி எடுத்துக்கறது? நாம தராசு வாங்கிக் குடுத்திருக்கோமே?"

மாதம்மாள் எழுந்து நின்றாள். யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை.

"அய்யா, எங்க ஊர்ல புள்ளைய நிறுக்க மாட்டோங்க. கண்ணு பட்டுரும்னு பயம். தராசு மாட்டுன அன்னிக்கு ஒரு தாயும் வர மாட்டா. வராதவ புள்ளைக்கு டீச்சர் இன்னா வெயிட்டு எழுதுவாங்க? கயித்தைக் கட்டுனது பெத்தவ கையி. அவ யாருக்கும் பயந்து கட்டல, யாருக்குக் காட்டவும் கட்டல."

மேசையிலிருந்த லேடி டாக்டர் பாண்டுரங்கனிடமிருந்து தாளை வாங்கி, எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். "இது தப்பில்லை," என்றார். பிறகு மாதம்மாளிடம், "ஊர்ல என்ன கேக்கறாங்க?" என்றார்.

அவள் சொன்னாள். கேழ்வரகும் சாமையும் வாங்கிப் போட வேண்டும். கோடையில் எல்லார் வீட்டிலும் தானியம் இருக்கிறது. அப்போது நிறுவனம் கொட்டிக் கொடுப்பதை ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும் கொடுக்க வேண்டும். அந்த ஐந்து மாசமும் பால்வாடி கொல்லைக்கு வர வேண்டும், அங்கே இரண்டு கொட்டகை வேண்டும். அதிகாரி கொட்டகைக்கு மட்டும் முடியாது என்றுவிட்டார். மற்றதை ஒரு வருஷம் நடத்திப் பார்க்கச் சம்மதித்தார்கள்.

திரும்பி வந்த பஸ் மலை ஏறி வளைவுகள் வந்ததும், தான் அங்கே நின்று பேசியதை நினைத்து மாதம்மாள் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

கொட்டகையை ஊரே போட்டுக்கொண்டது. மூங்கில் வெட்டி, போதைப்புல் வேய்ந்து, நாலு நாளில் இரண்டும் நின்றன. எண்பத்திரண்டு ஆடி முதல் தேதி, வசந்தி டீச்சர் காலில் அட்டை ஏறுகிறது என்று முணுமுணுத்தபடியே கொல்லைக்கு நடந்தாள். ஆனால் ஒரு நாளும் தவறவில்லை. அந்தப் புரட்டாசியில் பாண்டுரங்கன் மறுபடி டேப்போடு வந்தார். முப்பத்துமூன்று பிள்ளைகளில் ஏழு பேருக்குத்தான் கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. நெல்லிக்கொம்பையில் அந்த வருஷம் ஆவணி ஒரு பிள்ளையையும் கொண்டுபோகவில்லை. அவர் போனபிறகு மாதம்மாள் ஓடைக்கரையில் சின்னதம்பியோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மற்ற ஊர்களுக்கும் அவளையே அனுப்பினார்கள். நிறுவனம் கொடுத்த உத்தரவில் அவள் பெயருக்கு நேராக 'மதிப்பீட்டாளர்' என்று அடித்திருந்தது. சின்னதம்பி அதை வாரச்சந்தைக்கு எடுத்துப்போய், படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் படிக்கக் கொடுத்தான். ஆறு வருஷத்தில் பதினான்கு ஊர் போனாள். எந்த ஊருக்கும் அவள் கயிற்றைக் கொண்டுபோகவில்லை. "அது எங்க ஊரு வழக்கம். உங்க ஊர்ல புள்ள இளைச்சுதா தேறுச்சான்னு எத வெச்சுப் பாப்பீங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருப்பாள். ஒரு ஊரில் வளையலைச் சொன்னார்கள். இன்னொரு ஊரில், பிள்ளை எந்தப் படி வரை ஏறி விளையாடுகிறது என்பதைச் சொன்னார்கள்.

எண்பத்தாறில் அமிர்திப் பக்கம் ஒரு ஊருக்குப் போனபோது, பாஞ்சாலை என்ற பெண் வாசலை விட்டு நகராமல் இடுப்பில் கைவைத்து நின்றாள். "நீ யாரு எங்களக் கேக்கறதுக்கு? எழுதி இன்னா பண்ணப் போற? யார்கிட்ட குடுப்ப? எங்களுக்குப் படிச்சுக் காட்டுவியா?"

கூட வந்திருந்த கல்லூரிப் பெண்கள் பதறிப்போனார்கள். மாதம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. மூட்டையை இறக்கி வைத்து வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கேளும்மா," என்றாள். "நீ கேக்கறதெல்லாம் கேட்டு முடி. அப்பறமா நான் கேக்கறேன்."