மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பழைய கார்

அந்தக் காரை வாங்கலாமா கூடாதா என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். அதன் செயின் கழன்றாலும் தெருமுனைக் கடைக்குத்தான் தள்ளிக்கொண்டு போவேன். ஆனால் அப்பா சொல்லிவிட்டார்.

"அவன் பாத்து சொல்லட்டும். படிச்சவன்."

அப்பா பம்மலில் தோல் பதனிடும் ஷெட் ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தார். கைநாட்டு. எங்கள் வம்சத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள் நான்தான். அதற்கு மேல் பி.யு.சி.யும் முடித்து, செங்கல்பட்டில் ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் படிப்பு என்றால் அது எல்லாவற்றுக்குமான படிப்பு. காய்ச்சலுக்கு என்ன மாத்திரை, ரேஷன் கார்டில் என்ன எழுதியிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் சுவரை நம் பக்கம் தள்ளிக் கட்டுகிறானா, எல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

கார் யோசனை மாமாவுடையது. மாமா என்றால் அக்காவின் கணவர். அப்பா வேலை பார்த்த அதே ஷெட்டுக்குப் பச்சைத்தோல் ஏற்றி வரும் லாரியின் டிரைவர். என்னதான் குளித்தாலும் அவர் சட்டையில் அந்த வாடை இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இலையை மெல்ல நகர்த்திக்கொண்டதை ஒருமுறை நானே பார்த்திருக்கிறேன்.

"மச்சான், மாப்ள அழைப்புக்குத் தொறந்த கார் வோணும்னா நம்ம ஜனம் மாம்பலம் வரிக்கும் போவுது. கிண்டிக்கு இந்தாண்ட ஒருத்தன்கிட்டயும் கெடையாது. வாடகைக்கு வுட்டா பெட்ரோல் பார்ட்டி போட்ருவான். வண்டி நம்மளுது, டிரைவர் நம்ம ஆளு. யோசிச்சுப் பாரு."

பெட்ரோல் விலை திடீரென்று ஏறி, பெரிய கார் வைத்திருந்தவர்களெல்லாம் அதை ஷெட்டில் விட்டுக் கதவைச் சாத்திய வருஷம் அது. சேலையூரில் ஒரு பங்களாவில் அப்படி ஒரு கார் விலைக்கு வந்திருந்தது. அமெரிக்காவில் செய்தது, இளம்பச்சை நிறம், துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். எங்கள் வாடகை வீட்டைவிட நீளம். முந்தி விற்ற விலையில் பாதிகூட இல்லை. அந்தப் பாதிக்கும் கீழே உள்ள விலையைக் கொடுக்க எங்களிடம் ஒரு வழிதான் இருந்தது. கோவிலம்பாக்கத்தில் ஏரி ஓரமாக அப்பா வாங்கிப் போட்டிருந்த மனையை விற்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் வாயைக் கட்டி வாங்கிய மனை. அதில் இரண்டு ரூம் போட்டுக்கொண்டு, தோல் தண்ணீர் ஓடாத தெருவில் குடியிருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

இதைக் கேட்டபோதே எனக்குத் திக்கென்றது. அப்பா தயங்கவில்லை. மாப்பிள்ளை இத்தனை வருஷத்தில் எதுவும் கேட்டதில்லை என்றார்.

நானும் மாமாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்குப் போனோம். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். மலையில் எஸ்டேட் வைத்திருந்த அவர் கணவர் காலமாகி இரண்டு வருஷம். நான் இங்கிலீஷில் வணக்கம் சொன்னதும் என்னை உள்ளே அழைத்து சோபாவில் உட்காரச் சொன்னார். மாமாவை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் போர்ட்டிகோவிலேயே காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். எனக்கு மட்டும் பிஸ்கட்டும் டீயும் வந்தன. அவரையும் கூப்பிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கூப்பிடவில்லை.

"தம்பி, உங்களப் பார்த்தா படிச்ச பிள்ளையா தெரியுது, அதனால ஒளிக்காம சொல்றேன்" என்றார் அந்த அம்மா. "மீட்டர்ல பன்னெண்டாயிரம்னு இருக்கும். அத நம்பிடாதீங்க. அது ஒரு ரவுண்டு முடிஞ்சு ரெண்டாவது ரவுண்டு. லட்சத்துப் பன்னெண்டாயிரம் மைல். எஸ்டேட்டுக்கும் மெட்ராசுக்குமா ஓடி ஓடி அவ்வளவு ஆயிடுச்சு."

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். பூமியின் சுற்றளவு இருபத்தையாயிரம் மைல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. வெளியே வந்து மாமாவிடம் சொன்னேன்.

"மாமா, இது பூமிய நாலரை தடவை சுத்தின வண்டி."

அவர் மட்கார்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நாலு தபா பூமிய சுத்தினு வந்தது, நம்ம தாம்பரத்த சுத்தாதா மச்சான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் நான் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். நூலகத்தில் மோட்டார் கார்களைப் பற்றி ஒரு இங்கிலீஷ் புத்தகம் எடுத்து நான்கு நாள் படித்திருந்தேன். பழைய கார் வாங்குமுன் பார்க்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். புகை நீலமாக வருகிறதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறதா. அந்த அம்மாவிடம் அனுமதி வாங்கி, மாமா ஓட்ட, நான் பக்கத்தில் தாளும் பென்சிலுமாக உட்கார, ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் வரை போனோம்.

என்ன சொல்ல. அந்த வண்டி ரோட்டில் போகவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. இரும்புலியூர் தாண்டியதும் முள் அறுபது மைலைத் தொட்டது. என் தாள் கையில் படபடத்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் கும்பிடுகூடப் போட்டார். புகை இல்லை, இழுப்பு இல்லை, நடுக்கம் இல்லை. எல்லாவற்றுக்கும் எதிரே டிக் போட்டேன். ஓட்டம் அதிகம் என்பதற்கு எதிரே மட்டும் ஒன்றும் போடாமல் விட்டேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அப்பா கேட்டார்.

"இன்னா சொல்ற?"

"வாங்கலாம்ப்பா. வண்டி நல்லா இருக்கு."

அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வி வரவில்லை. அம்மா என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குழம்பை ஊற்றினாள். அப்பா சாப்பிட்டுக் கை கழுவியதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து மனைப் பத்திரத்தை எடுத்து வெளியில் வைத்தார். என் ஒரு வார்த்தைக்குப் பெட்டி திறந்துவிட்டது.

மனை வாங்குகிறவர் மடிப்பாக்கத்து ஆள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். மாமா ஒரு காரியம் செய்தார். பங்களா அம்மாவிடம் பேசி, மாமனார் மாமியாரை அந்தக் காரிலேயே பதிவுக்கு அழைத்துப் போக இரவல் வாங்கிவிட்டார். "நாளிக்கி நம்ம வண்டி. இன்னிக்கே ஏறட்டுமே" என்றார். தன் சிநேகிதரான பம்மல் மெக்கானிக்கையும் முன்சீட்டில் ஏற்றியிருந்தார். பார்த்து மெச்சட்டும் என்றுதான்.

அம்மா வாழ்க்கையில் ஏறிய முதல் கார் அது. மாமா துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிட்டிருந்தார். பின்சீட்டின் ஓரத்தில், சீட்டு அழுக்காகிவிடுமோ என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் பை. பைக்குள் பத்திரம். கிழக்குத் தாம்பரத்துக் கடைத்தெரு நெருங்கும்போது மெக்கானிக் காதைக் கொஞ்சம் சாய்த்து என்ஜினைக் கேட்டார்.

"நல்லாத்தான் ஓடுது. எதுக்கு வாங்குற?"

"மாப்ள அழைப்புக்குத்தான். சொன்னேனே."

"நடத்திப் பாத்தியா?"

மாமாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"ஓட்டிப் பாத்தாச்சு, அறுபது மைல்ல போகுது" என்றேன் நான் பின்னாலிருந்து.

மெக்கானிக் திரும்பி என்னைப் பார்த்தார். "சார், மாப்ளய அறுபது மைல்ல இஸ்துகினு போனா, பின்னால பொண்ணு வூட்டுக்காரன் ஓடியா வருவான்? நாயனத்துக்குப் பின்னால நடக்கணும் இந்த வண்டி. எறங்கு. நீதான் நாயனம். முன்னால நட."

அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நான் இறங்கி, காருக்கு முன்னால், நடுத்தெருவில் நடக்க ஆரம்பித்தேன். காலை ஒன்பதரை மணி வெயில். சலவைச் சட்டை, பையில் பேனா. எனக்குப் பின்னால் கப்பல் மாதிரி கார் ஊர்ந்து வந்தது.

"மெதுவா சார். தவுல்காரன் இவ்ளோ வேகமா போமாட்டான்" என்று குரல் வந்தது. டீக்கடை வாசலில் இருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். "யாருப்பா, மாப்ளயே நடந்து போறாரு?" என்று ஒருவர் கேட்டார். தெருமுனையில் மெக்கானிக் என்னை நிற்கச் சொன்னார்.

"இங்க ஒரு பாட்டு முழுசா வாசிப்பான். ஆரத்தி எடுப்பாங்க. பட்டாசு வெடிப்பாங்க. என்ஜின ஆஃப் பண்ணாத. அப்பால ஸ்டார்ட் ஆவலன்னா மாப்ள மானம் போயிடும். நில்லு."

நின்றோம். பாட்டு இல்லாமல் ஒரு பாட்டு நேரம். மறுபடி நடந்தேன். மறுபடி நின்றேன். மூன்றாவது முறை நின்றபோது முதலில் சூடான பெயிண்ட் வாசனை வந்தது. பிறகு ஒரு சீறல். திரும்பினேன். பானெட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. அடுத்த நொடி துருநிறத் தண்ணீர் பீறிட்டு முன் கண்ணாடியில் அடித்தது. அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவைத் திறக்கத் தெரியாமல், சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே விழித்தார். காரைவிட அந்த மஞ்சள் பைதான் எனக்குத் தெரிந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் அது வேறொருவர் கையில் இருந்திருக்கும்.

ஆவி அடங்கியதும் மெக்கானிக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பானெட்டைத் திறந்தார்.

"ரேடியேட்டர்ல பாதி அடச்சிகினு கீது. ஓடுறப்ப எதிர்காத்து காப்பாத்துது. நின்னா எந்தக் காத்து வந்து காப்பாத்தும்?"

"வேற ரேடியேட்டர் போட்டுக்கலாம்" என்றார் மாமா.

"புதுசு கெடைக்காது. புதுப்பேட்டைல அலஞ்சு எதுனா ஒண்ண மாட்டுவ. சரி, கிளட்ச்? வண்டி ஓடின ஓட்டமெல்லாம் ரோட்டு ஓட்டம். நீ தெனம் அரை கிளட்ச்ல நிக்க வைக்கப்போற. இத்தினி வயசுக்கு மேல அது தாங்குமா? எனக்கு வேல வரும்பா. வேணாங்கல. உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?"

மாமா என் பக்கம் திரும்பினார். அப்பாவும் திரும்பினார். அவ்வளவு நடந்த பிறகும் அவர் என்னைத்தான் கேட்டார்.

"நீ இன்னா சொல்ற? வாங்கலாமா?"

"எனக்குத் தெரியாதுப்பா."

அப்படி ஒரு வார்த்தையை நான் அவரிடம் அதற்கு முன் சொன்னதே இல்லை. அப்பாவின் முகம் மாறியதை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். தண்ணீர் பீறிட்டபோதுகூட அவர் அப்படி அதிரவில்லை.

"தெரியாதா? அப்ப அன்னிக்கு எப்டி சொன்ன?"

நான்கு நாள் படித்ததும், டிக் போட்டதும், எதுவும் வாயில் வரவில்லை. மாமாதான் சொன்னார், யாரையும் பார்க்காமல்.

"அந்தம்மா சோபால குந்த வச்சு டீ குடுத்தாங்க. அதான் சொல்லிட்டான்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை அடித்தது. அவர் போர்ட்டிகோவிலிருந்து ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, அப்படி எனக்குக் கிடைத்த மரியாதை தன் காரியத்துக்கு உதவுகிறதே என்று பேசாமல் இருந்திருக்கிறார். இரண்டு பேருமே அந்தக் காரை வாங்கத் துடித்தவர்கள்தான். அவருக்காவது ஒரு காரணம் இருந்தது.

அதற்குள் மெக்கானிக் கதவைத் திறந்துவிட, அம்மா இறங்கியிருந்தாள். புடவையில் பட்டிருந்த துருத்தண்ணீரைத் தட்டிவிட்டாள். மஞ்சள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பதிவு அலுவலகத்துக்கு எதிர்த்திசையில், வீட்டுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். அப்பாவும் இறங்கி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அவரும் பின்னாலேயே போனார். மனைக்கு அவர்தான் சொந்தக்காரர். அவரை அவள் கேட்கவுமில்லை.

என்ஜின் ஆறிய பிறகு நான் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற, துருத்தண்ணீர் என் சட்டையில் தெறித்தது. என்னையும் ஏற்றிக்கொண்டு, எங்கும் நிறுத்தாமல் மாமா காரைச் சேலையூருக்கு ஓட்டினார். மெக்கானிக் கடைத்தெருவிலேயே விடைபெற்றுக்கொண்டார். பங்களா அம்மா கேட்டுவிட்டு வருத்தப்பட்டார்.

"நின்னா சூடாகும் தம்பி. அது தெரிஞ்சதுதான். எங்க வீட்டுக்காரர் நிறுத்தவே மாட்டார், டிபனுக்குக்கூட. நீங்க கேக்கலையே. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குன்னு யாரும் என்கிட்ட சொல்லலையே."

உண்மை. நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் மதிப்புக் குறையும் என்று நான்தான் மாமாவைத் தடுத்திருந்தேன்.

சாவியைக் கொடுத்துவிட்டு மாமா கார் மேல் ஒரு கணம் கையை வைத்தார். பிறகு லாரி ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் நெடுநாள் அவர் என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை. எதுவென்றாலும் அக்கா மூலம்தான் பேசினார்.

நான் மட்டும் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். மடிப்பாக்கத்துக்காரர் ஸ்டாம்ப் பேப்பரும் இரண்டு சாட்சிகளுமாக மரத்தடியில் பத்து மணியிலிருந்து காத்திருந்தார். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. வியர்த்துப்போய், சட்டையெல்லாம் துருக்கறையாக நான் வந்து நின்றதைப் பார்த்து அவரே பயந்துவிட்டார்.

"என்ன சார் ஆச்சு? அப்பா எங்க?"

"மனைய விக்கல சார். மன்னிச்சுக்கணும்."

அவருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா. "நீங்கதானே சார் முந்தாநாள் வந்து எல்லாம் முடிவாயிடுச்சுன்னு சொன்னீங்க? படிச்சவர் சொல்றாரேன்னு நம்பி லீவு போட்டு வந்திருக்கேன். இப்ப யாரு வேணாம்னு சொன்னது?"

"எங்கம்மா" என்றேன்.