மாமியார் வேடத்துக்கு என் மாமியார்

தோழிகளே, மோசம் போனோம்.

நாம் வாராவாரம் படிக்கும் தொடர்கதை பேசும்படமாகிறதே, அதில் வரும் கொடுமைக்கார மாமியாராக என் மாமியாரைப் போடச் சொல்லி நால்வரும் விளையாட்டாக ஸ்டுடியோவுக்குக் கார்டு எழுதினோமே! இன்று ஸ்டுடியோ கார் அம்மாபேட்டைக்கே வந்துவிட்டது.

தறிக்காகத் தெருவில் நீட்டிக் கட்டியிருந்த பாவு நூல்மேல் ஏறப் பார்த்தது.

"கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று அத்தை போட்ட சத்தத்தில், காரில் வந்தவர் கைகூப்பினார். "இதே குரல்தானுங்கம்மா வேணும்!"

அதோடு விட்டாரா? நம் கார்டை எடுத்து அத்தைக்கே வாசித்துக் காட்டினார்!

முழுவதும் கேட்டுவிட்டு அத்தை சம்மதித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒத்திகைக்கு நீதான் ஊட்லயே இருக்கியே, சாமி."

கையெழுத்திட்ட மற்ற மூவரும் எந்தெந்த நாள் மருமகளாக வருகிறீர்கள்?